பெயர்ச்சீட்டு ஒட்டிய கிதாரும் பெயர் எழுதப்படாத பறையும்

வானூர் வட்டாரத்துச் சேரிகளில் பிள்ளைகளோடு வேலை செய்கிற நாங்கள் சில ஆண்டுகளாக ஒரு பேச்சை அடிக்கடி கேட்கிறோம். "பறையைத் தூக்குனா நாம யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். கிதார் வச்சிருந்தா எவனும் எந்தத் தெருன்னு கேக்க மாட்டான்." கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் சொல்வது இது. புதுச்சேரி பக்கத்தில் இருக்கிறது. தேவாலயப் பாடகர் குழுவும் மெல்லிசைக் குழுவும் கைபேசியில் பாடம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். கிதார் இன்று எட்டாத பொருள் இல்லை.

இந்தப் பேச்சைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. இழிவு சுமத்தப்பட்ட ஒன்றைக் கீழே போடுவதும் ஒரு போராட்டம்தான். இந்தப் பகுதி பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த காலத்தில், சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று நம் முன்னோர் சொன்னார்கள். அதற்காக அடியும் பட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கிதாரைக் கையில் எடுப்பதில் என்ன தவறு?

தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கிதார் என்பது யாருடைய கறையும் படியாத கருவி என்று நம்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிதாருக்கும் ஒரு வரலாறு உண்டு. அதிலும் தோல் இருக்கிறது, இழிவு இருக்கிறது, மறைக்கப்பட்ட பெயர்கள் இருக்கின்றன. கிதார் வகைகளில் ஒன்றான ஆர்ச்டாப் கிதாரின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்காக இங்கே எழுதிப் பார்க்கிறோம். நம்முடைய கேள்விக்கு அதில் ஒரு விடை இருப்பதாக நினைக்கிறோம்.

வளைவு எதற்காக?

கடைகளில் நாம் பார்க்கும் சாதாரணக் கிதாரின் மேற்பலகை தட்டையாக இருக்கும். நடுவில் வட்டமாக ஒரு துளை. கம்பிகளின் அடிமுனை, பலகையோடு பசைபோட்டு ஒட்டிய குதிரையில் மாட்டப்பட்டிருக்கும். ஆர்ச்டாப் கிதார் அப்படி இல்லை. அதன் மேற்பலகை வயலினைப் போல மேல்நோக்கி வளைந்திருக்கும். நல்ல ஆர்ச்டாப்பில் அந்த வளைவு பலகையை அழுத்தி வளைத்து வருவதில்லை. தடித்த ஸ்ப்ரூஸ் மரப்பலகையை உளியால் செதுக்கிச் செதுக்கி, நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் இழைத்துக் கொண்டு வருவது அது. பின்பலகையும் அப்படியே, பெரும்பாலும் மேப்பிள் மரத்தில். வட்டத் துளைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் ஆங்கில எஃப் எழுத்தின் வடிவத்தில் இரண்டு துளைகள். குதிரை ஒட்டப்பட்டிருக்காது. கம்பிகளின் அழுத்தத்திலேயே நிற்கும், தேவைப்பட்டால் நகர்த்தலாம். கம்பிகள் குதிரையைத் தாண்டிப் போய், கிதாரின் அடியில் பொருத்திய ஓர் உலோகச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும்.

இந்த அமைப்புக்கெல்லாம் ஒரே காரணம்தான். சத்தம் கேட்க வேண்டும். தட்டைப் பலகைக் கிதாரில் கம்பி குதிரையைப் பிடித்து இழுக்கிறது. ஆர்ச்டாப்பில் கம்பி குதிரையைக் கீழ்நோக்கி அமுக்குகிறது. வளைவு அந்தச் சுமையைத் தாங்குகிறது. அதனால் கனமான எஃகுக் கம்பிகளைப் பூட்டி ஓங்கி அடிக்கலாம். ஒலி சட்டென்று எழும்பும், சட்டென்று அடங்கும். தனியாகக் கேட்டால் அதில் இனிமை கொஞ்சம் குறைவுதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு ஊதுகருவிகளுக்கு நடுவே அது தாளமாகக் கேட்கும். ஒலிபெருக்கி மேடைக்கு வராத காலத்தில் கிதாருக்குத் தேவைப்பட்டது அந்தக் குரல்தான்.

வளைந்த மேற்பலகையைச் செதுக்கும் முறையைத் தொடங்கி வைத்தவர் ஆர்வில் கிப்சன். 1856-இல் பிறந்தவர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரில் செருப்புக் கடை ஒன்றில் விற்பனையாளராக வேலை பார்த்தவர். மரவேலை தெரிந்த அவர் 1890-களில் சிறு பட்டறை வைத்து மாண்டலின்களும் கிதார்களும் செய்தார். செதுக்கிய பலகை கொண்ட மாண்டலினுக்கு 1898-இல் காப்புரிமை பெற்றார். 1902-இல் முதலீட்டாளர்கள் சேர்ந்து அவர் பெயரில் நிறுவனம் தொடங்கினார்கள். செருப்புக் கடையில் நின்றவர் பெயர் உலகம் முழுதும் கிதாரின் தலையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் செருப்போடு தொடர்புள்ள ஒருவரின் பெயர் இசைமேடையில் எங்காவது பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தோல் கருவி உட்கார்ந்திருந்த நாற்காலி

ஆர்ச்டாப் கிதார் நிறைவான வடிவத்தைப் பெற்றது 1922-இல் வந்த எல்-5 என்ற மாதிரியில். கிதாருக்கு எஃப் வடிவத் துளைகளைக் கொண்டுவந்தது அது. ஆனால் அது வந்தவுடன் யாரும் அதற்கு இடம் கொடுத்துவிடவில்லை. ஜாஸ் இசைக்குழுவில் தாளத்துக்கான நாற்காலியில் வேறொரு கருவி உட்கார்ந்திருந்தது. அது பாஞ்சோ.

பாஞ்சோவைப் பற்றி நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது தோல் கருவி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள், தங்கள் மண்ணின் கருவிகளை நினைவில் வைத்து, சுரைக்குடுவையின் வாயில் தோலைப் போர்த்திக் கம்பு செருகிச் செய்துகொண்டது அதன் முதல் வடிவம். 1830-களிலிருந்து வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பர்களைக் கேலி செய்யும் மேடை நிகழ்ச்சிகளை நடத்தினார்கள். அந்த நிகழ்ச்சிகளின் அடையாளமாகப் பாஞ்சோ மாறியது. கறுப்பர்கள் உருவாக்கிய கருவி அவர்களையே ஏளனம் செய்யும் கருவியானது. பின்னாளில் கறுப்பின இளைஞர்கள் பலர் பாஞ்சோவைக் கையில் எடுக்கவே கூசினார்கள்.

1920-களின் பிற்பகுதியில் ஒலிப்பதிவு முறை மாறியது. ஒலிவாங்கி வந்தது. நடன இசையின் நடையும் மாறியது. பாஞ்சோவின் நாற்காலிக்கு ஆர்ச்டாப் கிதார் வந்தது. 1930-களில் அந்த மாற்றம் முடிந்துவிட்டது. கிதார்கள் ஒன்றையொன்று மிஞ்சப் பெரிதாயின. 16 அங்குல அகலமாக இருந்த எல்-5, 17 அங்குலமானது. 1930-களின் நடுவில் 18 அங்குல அகலத்தில் சூப்பர் 400 வந்தது. 400 என்பது அதன் விலை, டாலரில். கவுண்ட் பேசியின் குழுவில் 1937-இல் சேர்ந்த ஃபிரெடி கிரீன் என்ற கறுப்பினக் கலைஞர், 1987-இல் இறக்கும்வரை ஐம்பது ஆண்டுகள் அங்கேயே ஆர்ச்டாப் வாசித்தார். மின்னிணைப்பு இல்லாமல், தனி ஆவர்த்தனம் அநேகமாக இல்லாமல், ஒரு மாத்திரைக்கு ஒரு மீட்டல் என்று குழு முழுவதையும் தாங்கிக்கொண்டு இருந்தார்.

தோல் கருவி போய் மரக்கருவி வந்தது, கேலி போய் மரியாதை வந்தது என்று இதைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். பறையை விட்டுக் கிதாருக்குப் போகலாம் என்று நம் பிள்ளைகள் நினைப்பதும் இதைத்தான். ஆனால் கருவி மாறியதும் நிறம் மறந்து போனதா? அதைப் பார்ப்போம்.

பெயரை மறைத்த இசைத்தட்டு, பெயரில்லாத கல்லறை

1928, 1929-ஆம் ஆண்டுகளில் இரண்டு கிதார் கலைஞர்கள் சேர்ந்து சில இசைத்தட்டுகளை வெளியிட்டார்கள். ஒருவர் லானி ஜான்சன், நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த கறுப்பர். மற்றவர் எடி லாங், எல்-5 கிதாருக்குப் புகழ் சேர்த்த, இத்தாலியக் குடும்பத்து வெள்ளையர். கறுப்பரும் வெள்ளையரும் சமமாக உட்கார்ந்து வாசித்தார்கள் என்பது இசைத்தட்டின் மேல் தெரியக்கூடாது. அதனால் எடி லாங்கின் பெயர் 'பிளைண்ட் வில்லி டன்' என்று அச்சானது. கேட்டால் ஒரு கறுப்பினப் பாடகரின் பெயர்போல இருக்கும். இரண்டு கிதார்களின் ஒலி கலக்கலாம், இரண்டு பெயர்கள் கலக்கக்கூடாது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் வாழ்கிற நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து சார்லி கிறிஸ்டியன். 1916-இல் டெக்சாஸ் மாநிலத்தின் பான்ஹாம் என்ற ஊரில் பிறந்து ஓக்லஹோமா நகரத்தில் வளர்ந்தவர். தந்தை இசைக்கலைஞர், கண்பார்வையை இழந்தவர். பிள்ளைகள் அவரைக் கைப்பிடித்து அழைத்துப் போய்த் தெருவில் வாசித்துப் பிழைத்தார்கள். 1936-இல் ஈ.எஸ்-150 என்ற ஆர்ச்டாப் கிதார் சந்தைக்கு வந்தது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் பொருத்தியது அது. மின்பெருக்கியும் சேர்த்துச் சுமார் 150 டாலர். அந்தக் கிதாரோடு 1939-இல் பென்னி குட்மன் என்ற வெள்ளையரின் குழுவில் சார்லி சேர்ந்தார். அதுவரை பின்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கிதார், சாக்சபோனுக்குச் சமமாக முன்வரிசையில் தனித்துப் பேசியது. அந்த ஆண்டு டிசம்பரில் 'டவுன் பீட்' இதழில் அவர் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. கிதார்காரர்களே விழித்துக்கொள்ளுங்கள், உங்கள் வாசிப்பு கேட்கும்படி செய்யுங்கள் என்பது அதன் செய்தி.

1942 மார்ச்சில் காசநோயால் அவர் இறந்தார். வயது 25. குட்மன் குழுவில் இருந்தது மூன்று ஆண்டுகூட இல்லை. இன்று மின் கிதார் வாசிக்கிற யாரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். அவர் பயன்படுத்திய பிக்கப்பையே இன்றும் 'சார்லி கிறிஸ்டியன் பிக்கப்' என்று அழைக்கிறார்கள். ஆனால் பான்ஹாமில் அவர் புதைக்கப்பட்ட இடத்தில் 1994 வரை பெயர்க்கல் இல்லை. பிறகு வைத்த கல்லும் சரியான இடத்தில் இல்லை என்பது 2013-இல் தெரியவந்தது. கருவியின் ஓர் உறுப்புக்கு அவர் பெயர் உண்டு, அவருடைய உடலுக்கு மேல் இல்லை. கருவியை மாற்றிக்கொண்டால் போதும் என்கிற நம்பிக்கைக்கு இந்தக் கல்லறை ஒரு பதில்.

கறுப்பின வரலாற்றை நாம் பேசுவது இரவல் வாங்கும் பழக்கத்தால் அல்ல. ஜோதிராவ் புலே 1873-இல் எழுதிய 'குலாம்கிரி' நூலை அமெரிக்காவில் அடிமை ஒழிப்புக்காகப் போராடியவர்களுக்கு அர்ப்பணித்தார். அம்பேத்கர் 1946-இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தோன்றியது. அந்த உரையாடல் ஒன்றரை நூற்றாண்டு நீளமானது. இசையையும் அதில் சேர்த்துப் பேச வேண்டும் என்கிறோம்.

யார் செய்தது என்று எழுதிவைத்தவர்கள்

ஆர்ச்டாப் கிதாரின் வரலாற்றில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கம் ஒன்றும் இருக்கிறது. எல்-5 கிதாரை மேற்பார்த்து உருவாக்கியவர் லாயிட் லோர். கிப்சன் நிறுவனத்தில் 1924 வரை இருந்தார். அவர் சோதித்துப் பார்த்து நிறைவடைந்த ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு சீட்டை ஒட்டி, கையெழுத்திட்டுத் தேதி போட்டார். நூறு ஆண்டு கழித்தும் எஃப் துளை வழியாக எட்டிப் பார்த்தால் அந்தக் கையெழுத்து தெரிகிறது. அந்தச் சீட்டு இருந்தால் கருவியின் மதிப்பே வேறு.

நியூயார்க்கில் ஜான் டி'ஆஞ்சலிகோ என்பவர் 1932-இல் சொந்தப் பட்டறை தொடங்கினார். இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. 1964-இல் இறக்கும்வரை அவர் எண்ணிட்டுச் செய்த கிதார்கள் 1,164. ஒவ்வொன்றின் எண், மாதிரி, வாங்கியவர் பெயர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தார். இன்று அவரைக் கலைஞர் என்கிறார்கள். அவர் மரம் இழைத்த கைத்தொழிலாளிதான். ஒரு நோட்டும் ஓர் எண்ணும் ஒரு கைத்தொழிலாளியைக் கலைஞராக நிறுத்தியிருக்கின்றன.

அந்தப் பழக்கமும் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்ததில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் போருக்குப் போய்விட, கலமசூ தொழிற்சாலையில் கிதார்களைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கையெழுத்து எந்தக் கிதாருக்குள்ளும் இல்லை. அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து, அவர்கள் மூதாட்டிகளான பிறகே ஆய்வாளர் ஒருவர் தேடிப் போய்ப் பேசி எழுதினார். மரக்கருவியாக இருந்தாலும் தோல் கருவியாக இருந்தாலும், செய்த கை யாருடையது என்பதைப் பொறுத்துத்தான் பெயர் எழுதப்படுகிறது.

'வீணை' ஆன கிதார்

ஆர்ச்டாப் கிதார் இந்தியாவில் எடுத்த வடிவம் இதைவிடச் சுவாரசியமானது. ஹவாய்த் தீவின் மண்ணின் மக்கள், கிதாரை மடியில் படுக்கவைத்துக் கம்பியின் மேல் உலோகத் துண்டை இழைத்து வாசிக்கும் முறையைக் கண்டார்கள். அது இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் கல்கத்தாவுக்கு வந்து பரவியது. ஜோத்பூரைச் சேர்ந்த பிரிஜ்பூஷண் காப்ரா, அலி அக்பர் கானின் சீடர், அந்த முறையில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்தார். அவர் மாற்றியமைத்து வாசித்தது முன்னே சொன்ன அதே சூப்பர் 400 கிதாரைத்தான். 1967-இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோரோடு அவர் வாசித்த 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டு இன்றும் விற்கிறது.

அடுத்து விஸ்வமோகன் பட். ஆர்ச்டாப் கிதாரின் உடலில் மெட்டிசைக்கு 3, சுருதிக்கு 5, உடன் அதிரும் கம்பிகள் 12 என்று 20 கம்பிகளைப் பூட்டினார். அதற்கு 'மோகன வீணை' என்று பெயர் வைத்தார். ரை கூடரோடு அவர் வாசித்த இசைத்தொகுப்புக்கு 1994-இல் கிராமி விருது கிடைத்தது.

இந்தக் கலைஞர்களின் உழைப்பின்மேல் எங்களுக்குக் குறை இல்லை. நாங்கள் கவனிப்பது அந்தப் பெயர் மாற்றத்தை. கடல் கடந்து வந்த ஒரு கருவி, கம்பி கூட்டி 'வீணை' என்று பெயரும் சூட்டப்பட்டவுடன் செவ்வியல் சபைக்குள் தடையில்லாமல் போனது. வெளிநாட்டு மரத்துக்கு ஒரு தலைமுறையில் கிடைத்த இடம், சங்க இலக்கியத்திலேயே இருக்கிற பறைக்கு ஏன் கிடைக்கவில்லை? தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைச் சொல்கிறது. பறை என்ற சொல்லுக்கே சொல்லுதல், அறிவித்தல் என்று பொருள். பழமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. தரம் குறைவு என்றும் சொல்ல முடியாது. யார் கை அதைத் தொடுகிறது என்பதுதான் கணக்கு.

பலா மரமும் மூன்று தோலும்

தோல் என்பதால் தீட்டு என்று சொல்பவர்கள் மிருதங்கத்தைப் பார்க்க வேண்டும். அதன் கட்டை பலா மரம். அதன் இரு முகங்களுக்கும் வார்களுக்கும் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் போகின்றன. தோலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, வார் அறுத்து, முறுக்கேற்றி, வாசிப்பவரின் காதுக்கு ஏற்ப நாதம் பிடித்துக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவக் குடும்பத்தினர். தஞ்சாவூரின் செபாஸ்டியன் வழியினர் அவர்களில் முதன்மையானவர்கள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கம் எப்படி ஒலித்தது என்பதில் அவருக்குக் கருவி செய்து கொடுத்த பர்லாந்துவுக்குப் பங்கு உண்டு. கச்சேரி அழைப்பிதழில் ஐயரின் பெயர் இருந்தது. பர்லாந்துவின் பெயர் எங்கேயும் இல்லை.

டி.எம். கிருஷ்ணா இந்தக் கைவினைஞர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதினார். 2020 தொடக்கத்தில், நூலின் ஒரு பகுதி நாளிதழில் வெளியானதும், வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாசேத்திரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா ஏசியன் இதழியல் கல்லூரியில் நடந்தது. மிருதங்கம் ஒலிக்காத நாள் கலாசேத்திராவில் இருக்காது. மிருதங்கத்தைச் செய்தவர்களின் பெயர் அடங்கிய புத்தகத்துக்குத்தான் அங்கே இடமில்லாமல் போனது.

ஆக, தோலுக்குத் தீட்டில்லை. பூணூல் போட்ட கை தட்டினால் அதே தோல் தெய்வீகம். நம் கை தட்டினால் சாவுமேளம்.

பறையின் அமைப்பையும் ஒருமுறை சொல்லிவிடுகிறோம். ஆர்ச்டாப் கிதாருக்கு இத்தனை பத்தி எழுதிவிட்டுப் பறையை விடக்கூடாது. வளைத்து இழைத்த மரத்துண்டுகளை வட்டமாகச் சேர்த்து, இணைப்புகளில் இரும்புப் பட்டை அடித்துச் சட்டம் செய்கிறார்கள். மயிர் நீக்கிய மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்டிக் காயவைக்கிறார்கள். ஒரு முகம் மட்டும் மூடியிருக்கும். பின்பக்கம் திறப்பு. வாசிக்கும் முன் தீயில் காய்ச்சினால் ஈரம் போய்த் தோல் விறைத்துக் குரல் ஏறும். ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, மறு கையில் நீண்டு மெலிந்த சுண்டுக்குச்சி. ஒன்று கனத்த ஒலிக்கு, மற்றது பொடி ஒலிக்கு. திறந்தவெளியில் எந்த மின்சாரமும் இல்லாமல் நெடுந்தூரம் கேட்கும். ஆர்ச்டாப் கிதாரைச் செய்தவர்கள் நாற்பது ஆண்டு முயன்று தேடிய குரல், பறைக்குச் செய்யும்போதே இருக்கிறது. பறையின் சிக்கல் அதன் குரல் கேட்காதது அல்ல. கேட்டவர்கள் அதை அடிமை வேலையின் மணியாக மாற்றிவைத்ததுதான்.

அந்த மணியை நிறுத்தச் சொன்னவர்களில் முதன்மையானவர் எல். இளையபெருமாள். காட்டுமன்னார்கோயில் பகுதியில் பறையடிக்க மறுக்கும் போராட்டத்தை முன்னெடுத்தவர். 1952-இல் நாடாளுமன்ற உறுப்பினர். தீண்டாமை பற்றி இந்திய அரசுக்கு 1969-இல் அறிக்கை கொடுத்த குழுவின் தலைவர். அவர் காலத்தில் மறுப்பே விடுதலையாக இருந்தது. கூலி என்று எதுவும் பேசாமல், வராவிட்டால் உதை என்ற நிலையில் வாசிக்கப்பட்ட பறையை நிறுத்தியது சரி. அந்த மறுப்பு நடந்திராவிட்டால் இன்றைய மீட்பும் நடந்திருக்காது.

ஒரே மேடையில் இரண்டும்

கிதார் நம்மவர்களுக்குத் திறந்துவிட்ட கதவை மறுப்பதற்கில்லை. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போன இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். ட்ரினிட்டி கல்லூரியின் கிதார் தேர்வில் தங்கப்பதக்கம் வாங்கினார். மற்ற இசையமைப்பாளர்களிடம் கிதார் வாசித்தும் உதவியாளராக இருந்தும் பிழைத்தார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. கர்நாடக இசையின் வாசல்கள் குலம் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் கிதார் அவரிடம் குலம் கேட்கவில்லை. அவர் தன்னை எந்த அடையாளத்துக்குள்ளும் வைத்துப் பார்க்க விரும்பாதவர். அது அவர் உரிமை. ஆனால் அவர் கொண்டுவந்த பாடல்களில் கிதாரும் தாரையும் தப்பட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன என்பதை நாம் காதால் அறிவோம்.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து வந்தது. அங்கே மின் கிதாரும் பறையும் சட்டியும் கட்டைமோளமும் ஒரே வரிசையில் நின்றன. கிதார் பறையை மறைக்கவில்லை. பறை கிதாருக்குப் பின்னணியும் ஆகவில்லை. 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்காவிலும் இதேபோல ஒன்று நடந்தது. கறுப்பின இளைஞர்கள் 2005-இல் 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' குழுவைத் தொடங்கி, முன்னோர் கூசிக் கீழே வைத்த பாஞ்சோவைத் திரும்ப எடுத்தார்கள். 2011-இல் கிராமி வாங்கினார்கள்.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி இருக்கிறது. தோல் வேலை செய்பவர்களைப் புகழ்ந்து எழுதுவது, அந்த வேலையை அந்தச் சாதியோடு ஆணி அடித்துவிடாதா? சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே அடுக்கடுக்காகப் பிரிப்பது என்று அம்பேத்கர் 1936-இலேயே விளக்கிவிட்டார். அதனால்தான் நாங்கள் பெயரைப் பற்றிப் பேசுகிறோம். சாதியின் பெயரால் சுமத்தப்படும் வேலையில் தனி மனிதரின் பெயர் இருக்காது. 'அவனுங்க வருவானுங்க' என்றால் போதும். ஒருவர் பெயரை எழுதி, விலையைப் பேசி, இன்னாரிடம் கற்றேன் என்று சொல்லும்போதுதான் வேலை தொழிலாகிறது. தொழிலை விரும்பியவர் கற்கலாம், விரும்பாதவர் விடலாம். டி'ஆஞ்சலிகோவிடம் கற்ற ஜேம்ஸ் டி'அக்விஸ்டோ, அவருக்குப் பின் தன் பெயரைப் போட்டுக் கிதார் செய்தார். அப்படி ஒரு தொடர்ச்சி பறைக்கும் வேண்டும். அதைக் கற்க எந்தத் தெருப் பிள்ளையும் வரலாம் என்ற நிலை வேண்டும்.

நம் வட்டத்திலேயே அதற்கான வசதி இருக்கிறது. ஆரோவில்லில் 'ஸ்வரம்' இசைக்கருவிப் பட்டறை 2003-இலிருந்து இயங்குகிறது. சுற்றுக் கிராம இளைஞர்கள் அங்கே கருவி செய்யக் கற்றிருக்கிறார்கள். இசைக்கருவி செய்வது மரியாதையான வேலை என்பதை நம் பிள்ளைகள் மிதிவண்டித் தொலைவில் பார்க்க முடியும். அந்த மரியாதை பறைச்சட்டம் செய்பவரின் திண்ணைக்கும் வர வேண்டும்.

அதற்கு நாங்கள் முன்வைப்பது சின்ன வேலைதான். பறைக்குப் பின்பக்கம் திறந்திருக்கிறது. சட்டத்தின் உள்பக்கத்தில் எழுத இடம் இருக்கிறது. நம் ஊர்களில் இருக்கிற ஒவ்வொரு பறையிலும் சட்டம் செய்தவர் பெயர், தோல் கட்டியவர் பெயர், ஊர், ஆண்டு நான்கையும் எழுதுவோம். அதையே ஒரு நோட்டிலும் வரிசை எண் போட்டுப் பதிவு செய்வோம். யார் யாருக்கு வாசித்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள், யாரிடம் கற்றார்கள் என்பதையும் சேர்த்து எழுதுவோம். இப்போது எழுபது எண்பது வயதில் இருப்பவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். அவர்கள் போய்விட்டால் கேட்க ஆள் இல்லை. அவர்களுடைய ஆசான்களின் பெயர்களும் அவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன.

கிதார் கற்கிற பிள்ளைகள் கற்கட்டும். சார்லி கிறிஸ்டியன் யார் என்று தெரிந்துகொண்டு கற்கட்டும். அந்தப் பிள்ளைகளையே நோட்டும் பேனாவும் கொடுத்து இந்தக் கணக்கெடுப்புக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறோம். வானூர், கிளியனூர், திருச்சிற்றம்பலம் பகுதிகளில் பறை செய்பவர்களை, முன்பு செய்து விட்டுவிட்டவர்களை உங்களுக்குத் தெரிந்தால், அவர்கள் சம்மதத்தோடு எங்களுக்குச் சொல்லுங்கள். முதல் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.